பென்சில் சிலுவை

பதினொண்ணு அடிக்கப் போவுது, நான் இன்னும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டேதான் நடக்கேன். பிள்ளைகள் பார்த்தா நேசம் டீச்சருக்கு இடுப்பு வலின்னு நினைக்கும். வலி இல்லட்டீ, கடுதாசி. இடுப்புச் சேலைக்குள்ள ரெண்டு கடுதாசி சொருகியிருக்கேன். ஒண்ணு போன சனிக்கிழமை வந்தது. இந்தா மூணாவது பெஞ்சுல நாக்கை ஓரமா நீட்டிக்கிட்டு எழுதுதே, அந்த ஏசுவடியாளுக்கு அவ அண்ணன் போட்டது. இன்னொண்ணு பதினாலு வருஷத்துக்கு முந்தி வந்தது. எனக்கு. எனக்கு வந்தது ஆண்டவரே, என் பேருக்கு, ‘நேசம்மாள், ஆறாம் பாரம், இங்கிலீஷ் பெண்கள் போர்டிங்’ன்னு எங்க ஊர்க் கோயில் உபதேசியார் தேவசகாயம் கொம்பும் காலும் இழுத்து இழுத்து எழுதின எழுத்து. காலையில அதைப் பார்த்ததுல இருந்து காதுக்குள்ள ஙொய்ங்னு ஒரு சத்தம். பன்னெண்டு பிள்ளைகள் சர்க்கார் பரீட்சை எழுதுது, நான் மேற்பார்வை, ஒரு மேற்பார்வைக்காரி இப்படிப் பேயறைஞ்சவ மாதிரி நடந்தா பிள்ளைகள் என்ன எழுதும்? நேராப் பாரு நேசம். நட. பெஞ்சுக்கு ஒரு பக்கமா நட. ஒண்ணும் நடக்காத மாதிரி நட.

மை ஒத்தி எடுக்க உறிஞ்சுதாள் வேணும்னுதானே போனேன். ‘நேசம், என் அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது, நீயே எடுத்துக்கொள்’ன்னாங்க ஹோல்டனம்மா. வேத புஸ்தகத்துத் தமிழ்தான் அவங்களுக்கு. முப்பது வருஷமா இந்த ஊர்ல பள்ளிக்கூடம் நடத்துதாங்க, இன்னும் ஒரு ‘என்னட்டீ’ வாயில வராது. கீழ்த்தட்டுல உறிஞ்சுதாளும் இருந்துச்சு, அந்தப் பிஸ்கட் டப்பாவும் இருந்துச்சு, ராணி படம் போட்ட டப்பா. அதை எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமா நான்தான் அதுக்குள்ள போடுதேன். பிள்ளைகளுக்கு வார கடுதாசி எல்லாம் முதல்ல ஆபீசுக்கு வரும், அம்மா கத்தரியால ஓரத்தை வெட்டி என்கிட்ட நீட்டுவாங்க, நம்ம ஊர்க் கையெழுத்து அவங்களுக்குப் பிடிபடாது, நான் வாசிச்சு இங்கிலீஷ்ல சொல்லணும். நல்ல சேதின்னா பிள்ளை கைக்குப் போவும். கெட்ட சேதி, அதுவும் பரீட்சை மாசம்னா, மூலையில பென்சிலால ஒரு சிலுவை போடணும். சிலுவை போட்டது டப்பாவுக்குள்ள. பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு அம்மா பிள்ளையைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டு, ஜெபம் பண்ணி, தோளைத் தொட்டு, வாயால சேதியைச் சொல்லுவாங்க. கடுதாசியைக் கொடுக்கிறது? அது யாருக்கும் ஞாபகம் இருக்கிறதில்லை. எதுக்கு இன்னும் கொஞ்சம் அழவான்னு விட்டுருவோம். இன்னைக்கு அந்த டப்பாவை நகட்டித்தான் தாளை எடுக்கணும், நகட்டுனேன், மூடி கழண்டு விழுந்து எல்லாம் கொட்டிச்சு. மேல இருந்ததெல்லாம் என் பென்சில். அடியில இருந்ததெல்லாம் மஞ்சளிச்சுப் போயி, எனக்கு முந்தி கடுதாசி வாசிச்ச பாக்கியம் டீச்சர் போட்ட சிலுவை, அவங்க பட்டையா அழுத்திப் போடுவாங்க. அதுல ஒண்ணு என் பேரு. தபால் முத்திரை நவம்பர் நாலு, ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தொன்பது.

நவம்பர் நாலு. எங்கம்மை செத்தது நவம்பர் இருபத்திரெண்டு. நானும் காலையில இருந்து விரலை மடக்கி மடக்கிப் பார்க்கேன், பதினெட்டு நாள் குறையவே மாட்டேங்குது. ‘உன் தாயாரைக் கர்த்தர் ஒரே இரவில் அழைத்துக்கொண்டார், அவர்கள் பாடுபடவில்லை’ன்னாங்களே. இந்த ஹாலுக்கு அடுத்த ரூமுல, கடைசிப் பரீட்சை எழுதிட்டு மை கறையோட போயி நின்னேன், என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அவங்களும் அழுதாங்களே, ஒரு வெள்ளைக்காரி எனக்காக அழுதான்னு அன்னைக்கு எனக்கு அம்மை செத்த துக்கத்துக்குள்ளயும் ஒரு பெருமை, சீ, என்ன பிறவி நான். தன்னோட கம்பளிச் சால்வையை எடுத்து எனக்குப் போத்திவிட்டாங்க. அதை இன்னும் வச்சிருக்கேன், பெட்டியில, வசம்பு போட்டு. பதினாலு வருஷமா ராத்திரி ஜெபத்துல முதல்ல அவங்க பேரைத்தான் சொல்லுதேன். நெஞ்சு பதறுது. இங்கன உட்கார முடியாது, மேற்பார்வைக்காரி உட்காரக் கூடாதுன்னு சட்டம், நின்னுக்கிட்டேதான் பதறணும்.

உள்ள என்ன எழுதியிருக்குன்னு இன்னும் பார்க்கலை. எடுக்கையில அம்மா உள்ள வந்துட்டாங்க, இடுப்புல சொருகிட்டேன். கூடவே ஏசுவடியாளோடதையும் ஏன் எடுத்தேன்? தெரியலை. மேலாக இருந்துச்சு, கை எடுத்துச்சு. கையைக் கேட்டுத்தான் சொல்லணும். பரீட்சை ஹாலுக்குள்ள வந்து வாசிக்கலாம்னா மேற்பார்வைக்காரி கையில எழுத்து எதுவும் இருக்கக் கூடாது. அது ஒரு சாக்கு நேசம், சும்மா இரு. உனக்குப் பயம். உள்ள ‘வா’ன்னு எழுதியிருக்கும். ‘உடனே புறப்பட்டு வா, உன்னைப் பார்க்கணும்’ன்னு எழுதியிருக்கும். வேற என்னத்த எழுதுவாங்க? எங்கம்மைக்கு எழுதத் தெரியாது, உபதேசியார் வீட்டு வாசல்ல போயி நின்னு சொல்லியிருப்பா. அந்த மனுஷன் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு ஒரு வரிக்கு ஒரு நாழிகை ஆக்குவார். அதுக்குள்ள நோக்காட்டோட எவ்வளவு நேரம் நின்னாளோ. உட்காரச் சொல்லியிருப்பாரா? நல்ல மனுஷன்தான், சொல்லியிருப்பார்.

மணி அடிச்சுட்டு. பதினொண்ணு. ஒரு பிள்ளை தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்துட்டு மறுபடி குனியுது. பன்னெண்டு தலையிலயும் தேங்காயெண்ணெய், பன்னெண்டு ரெட்டைச்சடை, பன்னெண்டு வெள்ளை ஜாக்கெட். எந்தப் பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையைப் பார்க்காது. அதைக் கத்துக் கொடுத்திருக்கோம். ரெண்டு ரெண்டு பேரா நடக்க, ஸ்பூனைச் சத்தமில்லாம வைக்க, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இங்கிலீஷ்லயே பேச. கனவுல தமிழ் பேசினா மட்டும் தண்டனை கிடையாது, அதைக் கண்டுபிடிக்க அம்மாவுக்கு இன்னும் வழி தெரியலை. அழக் கூடாது, அதையும் கத்துக் கொடுத்திருக்கோம். ‘எங்கள் பள்ளியில் ஒருவரும் அழுகிறதில்லை’ம்பாங்க. அவங்க பள்ளிக்கூடம்னா அங்கன, இங்கிலாந்துல. குளிர்காலத்துல முகங்கழுவ வச்ச தண்ணி கூசாவுக்குள்ளயே கட்டியாயிருமாம், அதை உடைச்சு முகங்கழுவிட்டு ஜெபத்துக்கு ஓடணுமாம். நாங்க வாயைப் பிளந்து கேட்டிருக்கோம். அங்கனதான் அந்த வழக்கம். எனக்கு முதல்நாள் பென்சிலைக் கொடுக்கையில அவங்களே சொன்னாங்க, ‘எனக்குப் பதினைந்து வயதில் என் தகப்பனார் மரித்தார். பரீட்சை முடியும்வரை எனக்கு அறிவிக்கவில்லை. ஒன்பது நாள். நான் முதல் வகுப்பில் தேறினேன். அதற்காக இன்றளவும் அவர்களுக்கு நன்றியுள்ளவளாய் இருக்கிறேன்.’ சொல்லுதபோது முகம் ஒரு மாதிரி இறுகிச்சு, நான் அதை உறுதின்னு நினைச்சேன். எவ்வளவு பெரிய மனசுன்னு நினைச்சேன். அடிப் பாவி, ஒன்பது நாள் செத்த அப்பனை உயிரோட இருக்கார்னு நினைச்சுக்கிட்டு அந்தப் பிள்ளை ஜாமிதிக் கணக்குப் போட்டிருக்கு, அதைக் கேட்டுட்டு நீ தலையாட்டிப் பென்சிலை வாங்கியிருக்க.

பெரியம்மை. ஐயோ, எங்கம்மைக்கு மூத்தவ, பெரியம்மை. இது இப்பத்தான் தோணுது, காலையில இருந்து இவ்வளவு யோசிச்சும் இது தோணலையே. நான் ஊருக்குப் போனபோது வாசல்ல நின்னு, ‘வந்துட்டாளா துரைசாணி? இப்பம்தான் வழி தெரிஞ்சுதா?’ன்னு கேட்டாளே. என்னைத் தொடலை. தண்ணி கொடுக்கலை. கல்லறைக்கு வேற யாரோதான் கூட்டிட்டுப் போனாங்க. மேல் மண் காய்ஞ்சு வெடிச்சிருந்துச்சு, செவந்திப்பூ கருகியிருந்துச்சு, அம்மை செத்து எத்தனை நாளாச்சுன்னு நான் அப்பவே கேட்டிருக்கணும். கேட்கலை. பெரியம்மைக்குப் பொறாமை, தன் பிள்ளைகள் படிக்கலை, நான் படிக்கேன், அதான் கொதிக்கான்னு நினைச்சேன். ‘உனக்கு இங்கிலீஷ்தான் பெருசாப் போச்சு, பெத்தவ ஒண்ணும் இல்லை’ன்னா. நான் பதில் சொல்லாம ஏறி வந்துட்டேன். அதுக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கலை. ஒரு கலியாணம், ஒரு சாவு, எதுக்கும் போகலை. பெரியம்மை செத்த சேதி வந்தபோது பிள்ளைகளுக்குக் பூத்தையல் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தேன், நூலை அறுக்கக்கூட இல்லை. அவ என்ன நினைச்சுக்கிட்டுச் செத்திருப்பா? கடுதாசி போட்டோம், பதினெட்டு நாள் வாசலைப் பார்த்தோம், மக வரலை. அப்படித்தானே. எங்கம்மையும் அப்படித்தானே. என் மக வரமாட்டேன்னுட்டான்னு நினைச்சுக்கிட்டே. ஆண்டவரே, இதை நான் எங்கன போயிச் சொல்ல? கேட்க ஒருத்தர் இல்லையே. கல்லறையில போயி உட்கார்ந்து, அம்மை, எனக்குத் தெரியாதம்மைன்னா கேட்குமா?

மூச்சு விடு. நட. மூணாவது பெஞ்சு.

ஏசுவடியாளுக்கு இடதுகைப் பழக்கம். அஞ்சு வருஷமா அடிச்சு அடிச்சு வலதுகைக்கு மாத்தியிருக்கோம், அவசரத்துல இன்னும் பேனா இடதுகைக்குத் தாவும். நல்ல பிள்ளை. கறுப்பா, ஒடிசலா, சிரிச்சா முகம் முழுக்கப் பல். அவ ஊர்ல இருந்து முதல்முதலாப் படிக்க வந்த பொட்டப்பிள்ளை. இந்தப் பரீட்சையில தேறினா டீச்சர் டிரெய்னிங்குக்கு இடம் உண்டு, தேறாட்டி வீட்டுக்குத்தான், வீட்டுக்குப் போனா மாசிக்குள்ள கலியாணம், அவ தாய்மாமன் ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான். அவ அண்ணன் எழுதினது எனக்கு மனப்பாடம். ‘அம்மைக்கு வயித்துக்குள்ள கட்டி. டாக்டரம்மா கையை விரிச்சுட்டாங்க. இந்த வாரம் தாண்டாதுன்னு சொல்லுதாங்க. உன் பேரையே சொல்லிக்கிட்டு இருக்கா. கண்டதும் புறப்பட்டு வா தங்கச்சி.’ இதை நான் சனிக்கிழமை அம்மாகிட்ட என்னன்னு சொன்னேன்? எனக்கு அன்னைக்கு அவசரம், பிள்ளைகளை ரெண்டு ரெண்டு பேரா நடக்கக் கூட்டிட்டுப் போகணும், ஆபீஸ் மேசையில இன்னும் பதினோரு கடுதாசி கிடக்கு. ‘மதர் சிக்’ன்னேன். ரெண்டே வார்த்தை. அம்மா புருவத்தைத் தூக்கினாங்க, ‘மிகவும் கடினமாகவா?’ன்னு கேட்டாங்க. கேட்டாங்களே. நான் என்ன சொன்னேன்? ‘கடினம்னா எழுதியிருக்க மாட்டாங்களா மேடம்’ன்னு ஒரு மழுப்பல். எப்படியும் டப்பாவுக்குள்ளதான் போகப் போவுது, எதுக்கு அம்மாவையும் சங்கடப்படுத்தணும்னு. அம்மா தலையாட்டினாங்க. நான் சிலுவை போட்டேன். பென்சில் மொக்கையா இருந்துச்சு, நக்கிட்டுப் போட்டேன். அந்தப் பென்சில் ருசி இப்பம் வாயில வருது.

அப்பம் பாக்கியம் டீச்சரும் அப்படித்தானா? என் கடுதாசியை விரிச்சு வச்சுக்கிட்டு ‘மதர் சிக்’ன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிருப்பாங்களா? எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்த பாக்கியம் டீச்சர், பேன் பார்த்துவிட்ட பாக்கியம் டீச்சர், சாகும்போது ‘நேசம், நீதான் இனி கடுதாசி வாசிக்கணும், பிள்ளைகள் மனசு நோகாமப் பார்த்துக்கோ’ன்னு என் கையைப் பிடிச்ச பாக்கியம் டீச்சர். காலையில இருந்து யாரையாவது திட்டணும் போல இருக்கு, யாரைத் திட்ட? ஹோல்டனம்மாவைத் திட்டலாம்னா அவங்க கேட்டதுக்கு நான் மழுப்பியிருக்கேன். பாக்கியம் டீச்சரைத் திட்டலாம்னா அவங்க செஞ்சதைத்தான் நாலு நாளைக்கு முந்தி நானும் செஞ்சேன், அதே டப்பா, அதே மூலை. நாலு நாள். அந்தப் பொம்பளை நாலு நாளா வாசலைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கா. இல்லை கண்ணை மூடிட்டாளோ.

வண்டி. தினமும் பதினொன்றரைக்கு நம்ம வில்வண்டி தபால் பையோட ஸ்டேஷனுக்குப் போவும், பன்னெண்டரை ரயிலுக்கு. அதுல ஏறினா ஏசுவடியாள் விளக்கு வைக்கதுக்குள்ள ஊர் போயிரலாம். இன்னைக்கு விட்டா நாளைக்கு. நாளைக்கு விட்டா வெள்ளி, பரீட்சையும் முடிஞ்சிரும், அம்மா ரூமுக்குக் கூப்பிட்டு ஜெபம் பண்ணுவாங்க, சால்வை இருக்கா போத்த? அதான் நேசம், இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. சொல்லிரு. சொன்னா பிள்ளை எழுந்திருச்சுப் போயிரும். இந்தப் பேப்பர் பாழ், மத்தியானப் பேப்பர் பாழ், நாளைக்கு, நாளை மறுநாள், எல்லாம் பாழ். அஞ்சு வருஷம் இடதுகையைக் கட்டிப்போட்டு எழுதினது பாழ். மாசியில தாய்மாமன். உனக்கு அந்த உரிமையை யாரு கொடுத்தா? அவ அம்மைக்கே இது பிடிக்குமா? ‘பரீட்சையை விட்டுட்டா வந்த மூதி’ன்னு கிடந்த கிடையில திட்டினாலும் திட்டுவா. அப்பம் சொல்லாம இருந்துரவா? சொல்லாம இருந்தா பிள்ளை தேறும், டீச்சர் ஆகும், இதே பள்ளிக்கூடத்துக்கே வரும், கடுதாசி வாசிக்கிற வேலை அவளுக்கு வரும், ஒருநாள் உறிஞ்சுதாள் எடுக்கப் போகும். எனக்கு நல்லாத்தானே இருந்துச்சு இந்தப் பதினாலு வருஷமும்? மூணு வேளைச் சோறு, ஒரு ரூமு, ‘டீச்சர்’ன்னு கும்பிடுத பிள்ளைகள். இதைச் சொன்னா அந்த ரூமும் போகும். பரீட்சை ஹாலுக்குள்ள கடுதாசி கொடுத்த மேற்பார்வைக்காரியை ஒரு நிமிஷம் வச்சிருக்க மாட்டாங்க. எங்கன போவ நேசம்? எந்த வாசல் உனக்கு இருக்கு? இருந்த ஒரு வாசலையும் நீதான் மிதிக்கமாட்டேன்னுட்டியே.

இன்னைக்குன்னு பார்த்துக் கேள்வி வேற. ‘உன் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று உன் தாயாருக்கு ஒரு கடிதம் எழுதுக.’ இங்கிலீஷ்ல. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம், எல்லாத்துக்கும் மனப்பாடம். ஏன்னா என் கடுதாசி இருக்கே. என் வருஷமும் இதேதான் கேட்டான் பரீட்சைக்காரன். நான் எழுதினதை அம்மா அப்பவே கேட்டு வாங்கிப் பிரதி எடுத்து, தடிச்ச அட்டையில ஒட்டி, பதினாலு வருஷமா ஒவ்வொரு வகுப்புக்கும் வாசிச்சுக் காட்டுதாங்க. ‘இப்படித்தான் எழுத வேண்டும். இதை எழுதினவள் நம்முடைய நேசம்.’ மை டியர் மதர்னு ஆரம்பிக்கும். நான் சுகமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்னு ரெண்டாவது வரி. அதுல ஒரு இடத்துல காலை ஜெபத்துக்கு அடிக்கிற மணியை வர்ணிச்சிருப்பேன், அதை வாசிக்கையில அம்மா குரல் தழுதழுக்கும். எங்கம்மைக்கு இங்கிலீஷ்ல ஆமா இல்லைகூடத் தெரியாது.

ஏசுவடியாள் பக்கத்துல போயி நிக்கேன். குனிஞ்சு பார்க்கேன், பார்க்கலாம், மேற்பார்வைக்காரி பார்க்கலாம். மை டியர் மதர். நான் சுகமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அட்சரம் பிசகாம என் வரி. எழுத்து அழகா ஒரே சரிவுல போவுது. சுகமாக இருப்பீர்கள்னு நம்புதாளாம். நான் எழுதினதை நம்பி எழுதுதா. நான் எழுதினபோது எங்கம்மை அங்கன... அதே நாள், இல்லை முந்தின நாள்... போதும். ஐயோ போதும். பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டேன். அந்தப் பிள்ளை தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரிக்கா. தெரிஞ்ச கேள்வி வந்துட்டுல்லா, அதான். எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கா.

ஜல்ஜல்னு சத்தம். மாட்டைப் பூட்டுதான். கடிகாரம் பதினொண்ணு இருபதுதானே காட்டுது? இந்தச் சவத்துக் கடிகாரம் அஞ்சு நிமிஷம் பிந்தி ஓடும்! தினமும் மணி அடிக்கவன்கிட்ட நான்தானே கத்துதேன், எப்படி மறந்தேன், எப்படி மறந்தேன். கை இடுப்புக்குள்ள போயிட்டு. எதை எடுத்தேன்? மஞ்சளா இருக்கு, இது என்னோடது, இது இல்லை, அடுத்தது. மடிச்ச தாளை அவ பேப்பர் மேல வச்சேன். மை இன்னும் காயலை, அண்ணன் எழுத்துல ஒட்டிக்கும். ஒட்டட்டும்.

அவ வாசிக்கா. உதடு அசையுது. பெரிய பிள்ளையாயிட்டா, இன்னும் உதட்டை அசைச்சுத்தான் தமிழ் வாசிக்கா. ஒரு தரம் வாசிச்சா. திரும்ப மேல போயி மூலையைப் பார்த்தா, பென்சில் சிலுவையை. அதைப் பெருவிரலால தேய்ச்சா, அழியலை.

‘டீச்சர், இது எப்பம் வந்துச்சு?’

தமிழ்ல கேட்கா. பரீட்சை ஹாலுல, பதினொன்றரை மணிக்கு, தமிழ்ல. பதினோரு தலையும் நிமிந்துட்டு.

‘சனிக்கிழமை.’

‘யாரு வாசிச்சா?’

சொல்லு நேசம். பாக்கியம் டீச்சர் இல்லை, ஹோல்டனம்மா இல்லை.

‘நான்தான் வாசிச்சேன்.’

பார்த்தா. அவ்வளவுதான். பெரியம்மை வாசல்ல நின்னு பார்த்தாளே, அதே பார்வை. பதினாலு வருஷம் கழிச்சு இப்பம்தான் அது எனக்கு ஏன்னு தெரிஞ்சு வருது. ‘வண்டி நிக்கி, ஓடு. சமையல்கார மரியாளைக் கூட்டிக்கோ, நான் சொன்னேன்னு சொல்லு, ஓடுட்டீ!’ன்னேன், என் குரலா அது, உத்திரத்துல போயி முட்டிச்சு. பேனாவைக் கீழ வச்சா. இடதுகையில இருந்துதான் வச்சா. ஓடினா. ரெட்டைச்சடை ரெண்டும் முதுகுல அடிக்க ஓடினா. எங்க பள்ளிக்கூடத்துல யாரும் ஓடுறதில்லை. ஜல்ஜல் கொஞ்சம் நின்னுச்சு, மரியாள் என்னமோ கத்தினா, பிறகு மறுபடி ஜல்ஜல். கேட்டைத் தாண்டிட்டு. போயிரணும் ஆண்டவரே, அந்தப் பொம்பளை கண்ணை மூடுததுக்குள்ள போயிரணும், வேற ஒண்ணும் நான் கேட்கலை.

வாசல்ல ஹோல்டனம்மா. எப்பம் வந்தாங்க? தொப்பிகூட இல்லை, நரைச்ச முடி கலைஞ்சு கிடக்கு. ‘நேசம், நீ என்ன காரியம் செய்தாய்?’

‘அவ அம்மை சாகக் கிடக்கா மேடம்.’

‘சுகவீனம் என்றல்லவா சொன்னாய்?’

‘ஆமா. அப்படித்தான் சொன்னேன்.’

அவங்க முகம் வெளுத்துட்டு. இவ்வளவு வெளுத்த முகம் இன்னும் வெளுக்கும்னு எனக்குத் தெரியாது. நான் இடுப்புல இருந்து மத்ததை எடுத்து நீட்டினேன். மஞ்சள் தாள், என் பேரு. அவங்க அதைக் கையில வாங்கலை. பார்த்தாங்க, முத்திரையை, பென்சிலை. ‘நீ முதல் வகுப்பில் தேறினாய்’ன்னாங்க. மெதுவா, பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி. ‘மாகாணத்திலேயே மூன்றாவதாக வந்தாய் அல்லவா, நேசம்?’ வாய் கோணுச்சு. அங்கன நிக்கது பள்ளிக்கூடம் நடத்துத துரைசாணி இல்லை, கூசாவுல உறைஞ்ச தண்ணியை உடைச்சு முகங்கழுவுத பதினஞ்சு வயசுப் பிள்ளை, நன்றியுள்ளவளாய் இருந்தே ஆகணும்னு கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. எனக்குத் திட்ட வரலை. ‘ஆமா மேடம், தேறினேன்’ன்னேன். அவங்க சுவரைப் பிடிச்சுக்கிட்டே திரும்பிப் போனாங்க. பதினோரு பிள்ளைகளும் என்னையே பார்க்குதுங்க. ‘எழுதுங்க’ன்னேன். தமிழ்லதான் சொன்னேன். குனிஞ்சுக்கிட்டுதுங்க.

ஏசுவடியாள் இடத்துல உட்கார்ந்துட்டேன். மேற்பார்வைக்காரி உட்காரக் கூடாது. வேலை போன பிறகு என்ன சட்டம்? பெஞ்சு இன்னும் சூடா இருக்கு. மை டியர் மதர் அப்படியே கிடக்கு, அண்ணன் கடுதாசி ஒட்டி எடுத்த இடத்துல மை தீத்தியிருக்கு. அது பக்கத்துல என்னோடதை வச்சுப் பிரிச்சேன். மடிப்புல தாள் பொடியுது. வான்னுதான் இருக்கும். தெரியும். வான்னு இருக்கட்டும், வாசிச்சுரு.

‘சிரஞ்சீவி நேசத்துக்கு அம்மை எழுதிக்கொள்வது. எனக்கு மேலுக்குச் சுகமில்லை. இனிமே எந்திரிப்பேன்னு தோணலை. பயப்படாதே. நீ வரவேண்டாம். பரீட்சையை விட்டுட்டு வந்துராதே, வந்தா எனக்குக் கோபம் வரும். பெரியம்மை உன்னை வரச்சொல்லி எழுதச் சொல்லுதா, நான் வேண்டாம்னுட்டேன். நீ எழுதி முடி. ஆனா ஒண்ணு. ஒரு கடுதாசி போடு. நாலு வரி போதும். உபதேசியார் வாசிச்சுக் காட்டுவார். நீ காலையில எப்பம் எந்திரிக்க, என்ன சாப்பிடுத, அங்கன என்ன செய்யுத, அது எழுது. எனக்குக் கேட்கணும் போல இருக்கு.’

அவ்வளவுதான். கீழ ஒரு பெருவிரல் ரேகை, மை கொஞ்சம் கூடிப் போயி.

காலையில எப்பம் எந்திரிக்க. என்ன சாப்பிடுத. அங்கன என்ன செய்யுத.

அந்த மாசம்தான் நான் எங்கம்மைக்கு நாலு பக்கம் எழுதினேன். நூத்துக்கு எண்பத்தொன்பது போட்டிருந்தாங்க.